தலைக்கு மேலே கேபிள். காலுக்குக் கீழே குழி!

செலவு யாருக்கு? ஆபத்து யாருக்கு?

(நமது பெங்களூர் நிருபர்)

பெங்களூரில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது கேபிள்தான். மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம், மாடிக்கு மாடி கறுப்புக் கயிறுகளாகத் தொங்குகின்றன. குனிந்து பார்த்தால், போன மாதம் போட்ட தாரை இந்த மாதம் வெட்டி, மண் தள்ளி மூடிய தழும்பு தெரிகிறது. டெலிபோன், இண்டர்நெட் கேபிள்களை மேலே கட்டுவதா, கீழே புதைப்பதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இது என்ஜினீயர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்தக் கேபிளில் வரும் இண்டர்நெட்டுக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறவர்கள் நாம். அதற்காகக் குழி வெட்டுகிறவர்களிலும், ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறுகிறவர்களிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் இருக்கிறார்கள். எனவே, எந்த முறையில் யாருக்கு லாபம், யாருக்குக் கஷ்டம் என்று கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது.

ஐதராபாத் கொடுத்த எச்சரிக்கை

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐதராபாத் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலம் நடந்தது. இரவு நேரத்தில் தேரை இழுத்துச் சென்றபோது மின்சாரம் பாய்ந்து 5 பேர் இறந்தார்கள். தெருவின் குறுக்கே தொங்கிய கேபிள் ஒன்றின் வழியாக மின்சாரம் இறங்கியது என்று மின்சார இலாகா தரப்பில் கூறப்பட்டது.

அதன்பின் நகரம் முழுவதும் மின்கம்பங்களில் கட்டியிருந்த கேபிள்களை வெட்டும் வேலை தொடங்கியது. பல பகுதிகளில் இண்டர்நெட் நின்றது. எந்தக் கேபிள் அனுமதி பெற்றது, எது பெறாதது என்ற சச்சரவு தெலுங்கானா ஐகோர்ட்டு வரை போயிற்று.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். இப்போது வரும் ஆப்டிகல் பைபர் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழைதானே? அதன் வழியே ஓடுவது ஒளிதானே? கண்ணாடியில் மின்சாரம் எப்படிப் பாயும்?

சந்தேகம் நியாயமானதே. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் கட்டும் கேபிள் தன் கனத்தைத் தானே தாங்க வேண்டும். அதற்காகப் பல கேபிள்களில் கூடவே ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. கேபிளை வெட்டிப் பார்த்தால் ஆங்கில எட்டு எழுத்தைப் போல, மேல் வட்டத்தில் எஃகுக் கம்பியும் கீழ் வட்டத்தில் கண்ணாடி இழைகளும் இருக்கும். பழைய டெலிவிஷன் கேபிளிலோ உள்ளே இருப்பதே செம்பு. இந்த எஃகும் செம்பும் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டால், கேபிள் மின்கம்பியாகிவிடுகிறது.

உலோகமே இல்லாத கேபிளும் உண்டு. எஃகுக்குப் பதில் உறுதியான நூலிழையைச் சுற்றிச் செய்கிறார்கள். மின்கம்பங்களில் கட்டுவதற்கு ஏற்றது அதுதான். ஆனால் தெருவில் தொங்குவதில் எது எந்த ரகம் என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

மேலே கட்டுவதில் உள்ள வசதி

மேலே கட்டுவது எல்லாமே தவறு என்று சொல்லிவிட முடியாது. அதில் மூன்று வசதிகள் உண்டு.

முதலாவது, வேகம். கம்பம் ஏற்கனவே நிற்கிறது. ஏணியும் கயிறும் நான்கு ஆட்களும் இருந்தால் ஒரே நாளில் பல தெருக்களை முடித்துவிடலாம். இரண்டாவது, பழுது பார்ப்பது எளிது. அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, நான்கடி சந்துக்குள்ளும் போக முடியும். ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் உள்ள குறுகலான சந்துகளில் குழி தோண்டினால் வீட்டு அஸ்திவாரத்தைத் தொட வேண்டியிருக்கும். அந்தச் சந்துகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இண்டர்நெட் வந்ததே மேலே தொங்கும் கேபிளால்தான்.

தமிழ்நாட்டிலும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இண்டர்நெட் கொண்டுபோகும் திட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியாகவே போகிறது. 2023-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்ட கேரளத்தின் 'கே-போன்' திட்டமும் மின்வாரியக் கம்பங்களைப் பயன்படுத்துகிறது. நம் ஊரில் இருக்கும் தாய் தகப்பனோடு செல்போனில் முகம் பார்த்துப் பேசும்போது, அந்தப் பேச்சு ஏதோ ஒரு வயல் வரப்பில் நிற்கும் மின்கம்பத்தைத் தொட்டுக்கொண்டு வரக்கூடும்.

ஆனால் கம்பம் விழுந்தால் எல்லாம் விழும். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் மின்சாரமும் கேபிளும் சேர்ந்தே போய்விடும். ஊரில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வெளியூரில் இருப்பவன் துடிக்கும் நேரத்தில்தான் கேபிளும் அறுந்து கிடக்கும்.

செத்த கேபிள்கள்

நகரத்தில் உள்ள இன்னொரு தொல்லை, செத்த கேபிள். ஒரு வீட்டுக்காரர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறுகிறார். புதிய கம்பெனியின் ஆள் வந்து புதுக் கேபிள் கட்டுகிறான். பழையதை அவிழ்க்க யாரும் வருவதில்லை. அவிழ்ப்பதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை!

இப்படிப் பத்து வருடக் கேபிள் ஒரே கம்பத்தில் சேர்ந்துகொள்கிறது. கம்பம் கனம் தாங்காமல் சாய்கிறது. மின்சார இலாகா ஊழியர் பழுது பார்க்க ஏறினால் கால் வைக்க இடமில்லை. தாழத் தொங்கும் கேபிள் இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்களின் கழுத்தை அறுக்கும் அபாயமும் இருக்கிறது. உயிருள்ள கேபிள் எது, செத்த கேபிள் எது என்று கம்பத்தின் கீழ் நின்று சொல்லக்கூடியவர் இந்த நகரத்தில் யாருமில்லை.

கீழே புதைக்கும் முறை

இனி மண்ணுக்குள் போவோம்.

பைபர் கேபிளை நேரடியாக மண்ணில் போடுவதில்லை. முதலில் குழி வெட்டி, அதில் கறுப்பு அல்லது வேறு நிற பிளாஸ்டிக் குழாயைப் படுக்க வைக்கிறார்கள். வெளி விட்டம் 40 மில்லி மீட்டர் உள்ள குழாய்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. அதன் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும்படி தொழிற்சாலையிலேயே செய்து அனுப்புகிறார்கள். குழாயைப் போட்டு மண் மூடிய பிறகு, கம்ப்ரசர் வைத்துக் காற்றின் வேகத்தில் கேபிளை உள்ளே ஊதி அனுப்புகிறார்கள். பாதை நேராக இருந்தால் ஒரே ஓட்டமாக ஒரு கிலோ மீட்டர் வரை கூடப் போகும். முன்பு செம்புக் கேபிளை இருபது முப்பது பேர் வரிசையாக நின்று தோளில் தாங்கி இழுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்த வேலை இன்று போய்விட்டது.

தொலைத்தொடர்பு இலாகா நிர்ணயித்துள்ள ஆழம், சாதாரண மண்ணில் 1.65 மீட்டர். அதாவது 5 அடி 5 அங்குலம். கேபிளுக்கு மேலே எச்சரிக்கை நாடா போட வேண்டும். தரைக்கு மேலே அடையாளக் கல் நட வேண்டும். பாறை வந்தால் ஆழம் குறையலாம். அப்போது குழாயின் மேல் காங்கிரீட் போட வேண்டும்.

ரோட்டைக் குறுக்கே கடக்கவும், போக்குவரத்தை நிறுத்த முடியாத இடங்களிலும் மெஷின் வைத்துத் துளைக்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு குழி, மறு பக்கம் ஒரு குழி. நடுவில் தரையைத் தொடாமல் மண்ணுக்குள்ளேயே துளை. களிமண் கரைசலை உள்ளே அனுப்பித் துளை சரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். துளைமுனை எங்கே போகிறது என்று மேலே ஓர் ஆள் கருவியுடன் நடந்து பார்த்துக்கொண்டே வருவார்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கருவி துளைமுனை இருக்கும் இடத்தைக் காட்டும். அதன் எதிரே ஒரு குடிநீர்க் குழாய் இருக்கிறதா, மின்சாரக் கேபிள் இருக்கிறதா, காஸ் குழாய் இருக்கிறதா என்று காட்டாது. கையால் வெட்டுகிறவனுக்குக் கடப்பாரையின் நுனி சொல்லும். சத்தம் மாறினால் நிறுத்திவிடுவான். மெஷினுக்கு அந்த உணர்ச்சி கிடையாது. ஆகவே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற வரைபடம் கையில் இல்லாமல் மெஷின் வைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தி வீசுவதற்குச் சமம்.

ரயில்வேயில் கண்ட பாடம்

நான் வேலை பார்க்கும் ரயில்வேயில் இந்த மேலே-கீழே பிரச்சினைக்கு முன்பே ஒரு முடிவு ஏற்பட்டுவிட்டது. தண்டவாளத்தின் ஓரமாகக் கம்பம் நட்டு, தந்திக் கம்பிகள் ஓடியதைப் பார்க்காத பழைய பிரயாணிகள் இருக்க முடியாது. பாதையை 25,000 வோல்ட் மின்சாரத்துக்கு மாற்றியபோது, பக்கத்தில் ஓடும் தந்திக் கம்பியிலும் தூண்டல் மின்சாரம் ஏறும் என்பதால், கம்பிகளை எடுத்துவிட்டு மண்ணுக்குள் கேபிள் போட்டார்கள். பிறகு பைபர் வந்தது. 2000-ம் ஆண்டு ரெயில்டெல் கார்ப்பரேஷன் ஏற்பட்டு, தண்டவாளத்தின் ஓரமாகவே நாடு முழுவதும் பைபர் பாதை அமைத்தது.

மண்ணுக்குள் போனதால் புயல் பயம் போயிற்று. ஜேசிபி பயம் வந்தது!

தண்டவாளத்தின் ஓரம் கேட்காமல் யாராவது தோண்டி சிக்னல் கேபிளை அறுத்துவிட்டால், சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். இது பாதுகாப்புக்காகச் செய்துள்ள ஏற்பாடு. அதன் பின் ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்து, ஒவ்வொரு ரயிலாக மெதுவாக அனுப்ப வேண்டும். விபத்து நடக்காது, ஆனால் நேரம் போய்விடும்.

1901-ல் அல்ல, 2001-ம் ஆண்டில்தான், பிப்ரவரி 28-ந் தேதி கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் தங்கவயல் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாரிகுப்பம், பங்காருபேட்டையிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் ஒரு கேபிள் அறுந்தால், இங்கே ஒருவருக்கு அரை நாள் சம்பளம் பிடித்தமாகிறது. கேபிளை அறுத்தவருக்கு அது தெரியவே தெரியாது.

இதனால்தான் ரயில்வேயில் தண்டவாளத்தின் அருகே தோண்டுவதற்குக் கூட்டு நடைமுறை ஆணை என்று ஒன்று இருக்கிறது. தோண்டும் இலாகா முன்கூட்டியே சிக்னல் இலாகாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கேபிள் போகும் பாதையை அவர்கள் அடையாளம் காட்டிய பிறகே கடப்பாரை மண்ணில் இறங்க வேண்டும். காகிதத்தில் எளிமையான விஷயம். ஆனால் இது நடக்கும் இடத்தில் ரயில் ஓடுகிறது. நடக்காத இடத்தில் நிற்கிறது.

3,000 கோடி ரூபாய்!

தோண்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காததால் ஏற்படும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. கேபிள் போன்றவை அறுபடுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய சர்க்காரே 2023-ல் கூறியது.

இதற்குப் பரிகாரமாக 2023-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு விதி வந்தது. யார் தோண்டுவதானாலும் முன்கூட்டியே பொது இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே அந்த விதி. அதற்கான செல்போன் செயலியைப் பிரதமர் மோடி அந்த ஆண்டு மார்ச் 22-ந் தேதி தொடங்கி வைத்தார். 'தோண்டும் முன் கூப்பிடு' என்பது அதன் பெயரின் பொருள். தோண்டப்போகும் இடத்தைக் குறித்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்.

பைபர் கேபிளை அறுத்தால் ஒட்டுவது சின்ன வேலை அல்ல. முதலில் ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தலைமுடி கனமே உள்ள இழைகளை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். 24 இழை என்றால் 24 ஒட்டு. கேபிளில் நீளம் போதாவிட்டால் நடுவே ஒரு துண்டு சேர்க்க வேண்டும். அப்போது 48 ஒட்டு. ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் ஒளி குறைகிறது. ஜேசிபி ஒரே கணத்தில் செய்த வேலையைச் சரி செய்ய மணிக்கணக்காகிறது.

2023-ம் வருட தொலைத்தொடர்புச் சட்டத்தில் கேபிளைச் சேதப்படுத்தினால் நஷ்டஈடும், 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் வழக்கு வந்தால் முதலில் மாட்டிக்கொள்பவர் யார்? மெஷின் ஓட்டியவரும் மேஸ்திரியும்தான். அவர்களுக்கு வரைபடம் கொடுக்காமல் வேலைக்கு அனுப்பியவர் ஆபீசில் இருப்பார்!

சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது?

கம்பெனிகள் ஏன் மேலே கட்டுகின்றன? காரணம் பணம்தான்.

கீழே புதைக்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். வெட்டிய ரோட்டைச் சரி செய்யும் செலவைக் கட்ட வேண்டும். குழாய், கூலி, மெஷின் வாடகை எல்லாம் ஆகும். மேலே கட்டுவதற்கோ, 2021-ம் ஆண்டு அக்டோபரில் செய்த திருத்தத்தின்படி, கிலோ மீட்டருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு தடவை கட்டினால் போதும் என்று மத்திய சர்க்கார் நிர்ணயித்தது. இண்டர்நெட் சீக்கிரம் பரவ வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் கிலோ மீட்டருக்கு 1,000 ரூபாய் என்றால் ரோட்டை வெட்ட யார் வருவார்கள்? 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் அந்தப் பழைய விதிகளின் இடத்தில் புதிய வழியுரிமை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. ஆனாலும் முன்பு கட்டிய கேபிள்கள் கட்டிய இடத்திலேயே தொங்குகின்றன.

மேலே கட்டும்போது கம்பெனிக்குச் செலவு குறைகிறது. ஆபத்து தெருவில் நடப்பவருக்குப் போகிறது. கீழே புதைக்கும்போது தெருவில் நடப்பவருக்கு ஆபத்து குறைகிறது. அது குழிக்குள் நிற்பவனுக்குப் போகிறது. இரண்டிலும் ஆபத்தின் பங்கு கூலிக்காரனுக்குத்தான் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழிக்குள் நிற்பவன்

1.65 மீட்டர் ஆழக் குழி என்று முன்னே சொன்னோம். நடுத்தர உயரமுள்ள ஒருவர் உள்ளே நின்றால் தலை தரைமட்டத்தில் இருக்கும். குழியின் அகலம் 45 சென்டி மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளத்தில் வெட்டி எடுத்த மண் ஏறக்குறைய முக்கால் கன மீட்டர். அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அந்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கிறார்கள். மழை பெய்து பக்கச் சுவர் ஊறினால், அந்தக் குவியலே சுவரை உள்ளே தள்ளிவிடும்.

மண் தலைவரை மூட வேண்டியதில்லை. மார்பு வரை மூடினாலே போதும். நெஞ்சு விரியாமல் மூச்சு நின்றுவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 3764-ம் எண் பாதுகாப்பு விதித் தொகுப்பு, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிகளுக்குப் பக்கவாட்டில் பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும் என்கிறது. கேபிள் குழியின் ஆழமோ 1.65 மீட்டர். ஆக, விதிப்படி வெட்டிய கேபிள் குழி ஒவ்வொன்றுக்கும் பலகை முட்டு கொடுத்தாக வேண்டும். வாசகர்கள் தங்கள் தெருவில் வெட்டிய குழிகளில் எத்தனை குழிகளில் பலகையைப் பார்த்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பலகை வைக்காததற்கு முக்கிய காரணம், கூலி மீட்டர் கணக்கில் இருப்பதுதான். நீளம் அதிகமானால் பணம் அதிகம். பலகை வைக்கும் நேரத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை. இதே கணக்குதான் ஆழத்தையும் கெடுக்கிறது. அளப்பதற்கு ஆள் வராவிட்டால் 1.65 மீட்டர் முக்கால் மீட்டரில் நின்றுவிடுகிறது. அடுத்த வருடம் குடிநீர்க் குழாய்க்கு வெட்டுகிறவரின் கடப்பாரை முதல் போட்டிலேயே அந்தக் கேபிளில் விழுகிறது. ஆழம் போதாத குழி கேபிளுக்கு ஆபத்து. முட்டு இல்லாத ஆழக் குழி மனிதனுக்கு ஆபத்து. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: டெண்டரில் மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை கொடுத்துவிட்டு, எப்படி முடித்தார் என்று பார்க்காமல் இருப்பது.

வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்த வேலையில் இருக்கும் நம்மவர்கள் சில விஷயங்களில் பிடிவாதமாக இருப்பது நல்லது.

தோண்டுவதற்கு முன் அனுமதிக் கடிதத்தின் நகலையும் வரைபடத்தையும் மேஸ்திரியிடம் கேளுங்கள். வரைபடம் இல்லையென்றால், மெஷின் வைக்கும் முன் இரண்டு மூன்று இடங்களில் கையால் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். எச்சரிக்கை நாடா, செங்கல் வரிசை, மணல் படுகை இவற்றில் எது தென்பட்டாலும் அடியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே கடப்பாரை வேண்டாம்.

தோளுக்கு மேல் ஆழம் போனால் பலகை முட்டு இல்லாமல் இறங்காதீர்கள். வெட்டிய மண்ணை விளிம்பை விட்டுத் தள்ளிக் கொட்டுங்கள். மழை நின்ற மறுநாள் காலையில் பக்கச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே கால் வையுங்கள். தனி ஆளாக யாரும் குழிக்குள் இருக்கக்கூடாது.

பழைய டெலிபோன் மேன்ஹோலைத் திறந்தவுடன் இறங்குவது கூடாது. பக்கத்துச் சாக்கடையிலிருந்து விஷவாயு கசிந்து நிற்கலாம். காற்றுப் போக விட்டு, கருவி வைத்துச் சோதித்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே மயங்கியவனைத் தூக்க அடுத்தவன் குதித்து, இருவருமாகப் போன கதைகள் நமக்குப் புதிதல்ல.

கம்பத்தில் ஏறுகிறவர்கள், மின்சார இலாகா லைனை நிறுத்திவிட்டது என்று நேரில் உறுதி செய்துகொள்ளாமல் ஏறக்கூடாது. 'மேஸ்திரி சொன்னார்' என்பது உறுதி ஆகாது.

நல வாரியம் நமக்கும் உண்டு

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 1996-ம் வருடக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில், வீடு கட்டுகிறவர்களை மட்டும் சொல்லவில்லை. ரோடு, ரயில் பாதை, மின்பாதை, டெலிபோன், தந்தி சம்பந்தப்பட்ட கட்டுமான வேலைகளையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். ஆகவே கேபிள் குழி வெட்டுகிறவரும் கட்டடத் தொழிலாளியே. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டது. நல வாரியங்கள் தொடர்கின்றன.

18 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் இந்த வேலை செய்திருந்தால் கர்நாடக வாரியத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். வெளி மாநிலத்தார் என்பது தடையாகாது. பதிவுக்கு வேண்டியது வேலை செய்ததற்கான சான்று. அதனால்தான் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய தொகுப்பில், மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்பவர்களுக்கு ஊர் போய்வரப் பயணப்படி தரும் ஏற்பாடும் இருக்கிறது. பெயரே ஏறாதவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. வேலையில் உயிர் போனால், 'எங்களிடம் இப்படி ஒருவர் வேலை செய்யவே இல்லை' என்று காண்டிராக்டர் சொல்லிவிடவும் அதுவே வழியாகும்.

ஒரே தடவை தோண்டினால் என்ன?

மேலேயா, கீழேயா என்ற கேள்விக்கு மூன்றாவது விடை ஒன்று உண்டு. அதற்கு உதாரணம் பெங்களூரிலேயே இருக்கிறது.

டெண்டர்ஷூர் முறையில் செய்த ரெசிடென்சி ரோடு, செயிண்ட் மார்க்ஸ் ரோடு, விட்டல் மல்லையா ரோடு போன்றவற்றை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அகலமான நடைபாதை; அதன் அடியில் மின்சாரம், குடிநீர், சாக்கடை, கேபிள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாதை; இடையிடையே திறந்து மூடும் அறைகள். புதுக் கம்பெனி வந்தால் ரோட்டைத் தொட வேண்டியதில்லை. காலியாக இருக்கும் குழாயில் கேபிளை ஊதிவிட்டுப் போகலாம். குழாய்க்கு வாடகை கட்டலாம்.

முதல் செலவு அதிகம்தான். ஆனால் ஒரே ரோட்டை ஐந்து கம்பெனி ஐந்து தடவை வெட்டி, ஐந்து தடவை தார் போடும் செலவைக் கூட்டிப் பார்த்தால் எது அதிகம்? பொதுக் குழாய்ப் பாதை அமைக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது என்று 2023-ம் வருடச் சட்டமே சொல்கிறது. பெங்களூர் மாநகராட்சி 2025-ம் ஆண்டு செப்டம்பரில் 5 மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் ஒரு மாநகராட்சி, மறு பக்கம் இன்னொன்று என்று ஆனபின், வரைபடம் ஒன்றாக இல்லாவிட்டால் குழப்பம் ஐந்து மடங்காகும்.

மத்திய சர்க்காரும் கிராமங்களுக்கான பாரத்நெட் திட்டத்தை 2023-ல் 1,39,579 கோடி ரூபாயில் திருத்தி அமைத்தது. அதில் கேபிளை ஒரே கோடாகப் போடாமல் வளையமாகப் போடுகிறார்கள். ஓரிடத்தில் அறுந்தால் மறு பக்கமாகச் சுற்றிச் செய்தி போய்விடும். கேபிள் அறுபடும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது. நகரத்துக்கும் இந்த புத்தி வேண்டும்.

செய்ய வேண்டியது

பெரிய ரோடுகளில் பொதுக் குழாய்ப் பாதை. குறுகிய சந்துகளில் உலோகமில்லாத கேபிள், அதுவும் கம்பெனி பெயர் எழுதிய அடையாளத் தகட்டுடன். தகடு இல்லாத கேபிளை அறிவிப்புக் கொடுத்த பின் அகற்றுவது. புதுக் கேபிள் கட்டுகிறவரே பழையதை அவிழ்க்க வேண்டும் என்ற நிபந்தனை. இந்த நான்கும் நடந்தால் தலைக்கு மேலே உள்ள பாரம் பாதி குறையும்.

டெண்டரில் பலகை முட்டுக்கும், சோதனைக் குழிக்கும், ஆழம் அளப்பதற்கும் தனித் தொகை ஒதுக்க வேண்டும். குறைந்த தொகை கேட்டவர் அந்தத் தொகையில் கை வைக்கக் கூடாது. கூலியை மீட்டர் கணக்கில் மட்டும் கொடுக்காமல் நாள் கணக்கிலும் குறைந்தபட்சம் நிர்ணயிக்க வேண்டும். இவை நடந்தால் குழிக்குள் நிற்பவனின் உயிருக்கும் ஒரு விலை இருக்கிறது என்று ஆகும்.

மாதம் சில நூறு ரூபாய்க்கு இண்டர்நெட் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். அந்த விலையில் பலகையின் விலை சேர்ந்திருக்கிறதா என்று கம்பெனிகளையும் மாநகராட்சிகளையும் கேட்கும் உரிமை, பணம் கட்டுகிறவர்களுக்கு உண்டு. கேட்க வேண்டிய நேரம் ரோட்டை வெட்டுவதற்கு முன்புதான். வெட்டிய பிறகு அல்ல.